வால்வு மாற்றிய பிறகு பேஸ்மேக்கர் எதற்கு?



இந்த மாத உடல்நலப் பாடம் கொஞ்சம் பெரியது. குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்த பிறகு, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டால் நல்லது. ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் ஒருவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அலைந்து திரிந்து, அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாச்சு, கஞ்சி குடிச்சாச்சு. அப்பாடா என்று உட்காரும்போது, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ டாக்டர் கூப்பிட்டு, "நாடி குறைவாகவே இருக்கு. பேஸ்மேக்கர் வைக்கணும், இதில் கையெழுத்துப் போடுங்க" என்கிறார். அந்த நேரத்தில் வராந்தாவில் என்ன பேச்சு நடக்கும்?

"ஏளா, முதல்ல வால்வுன்னாவ, இப்ப பேட்டரிங்காவ. ஆபரேஷன் கெட்டுப்போச்சோ?"

"காசு புடுங்கத்தான் இப்படிச் சொல்லுதாவ மைனி. கையெழுத்துப் போடாதிய. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

இந்தப் பேச்சு உயிருக்கு ஆபத்து. சந்தேகம் வருவது தப்பில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் விஷயம் தெரியாமல் நோயாளியை வீட்டுக்குக் கூட்டி வந்தால், இரவு தூக்கத்திலேயே நாடி நின்றுவிடக்கூடும். அதனால்தான் இந்தப் பாடம்.

கதவும் ஒயரும்

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. கீழே இடப்பக்க அறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த அறையிலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் ஒரு கதவு உண்டு. அதுதான் அயோர்டிக் வால்வு. தமிழில் பெருந்தமனி வால்வு என்பார்கள். மூன்று இதழ் உள்ள கதவு. ரத்தம் வெளியே போகத் திறக்கும், திரும்பி வராமல் மூடிக்கொள்ளும்.

இந்தக் கதவு பல காரணத்தால் கெடும். வயதானவர்களுக்கு அதில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். நம் கன்னடியன் கால்வாய் மதகில் துருவேறிப் பலகை பாதிக்கு மேல் தூக்க முடியாமல் போனால் வயலுக்கு எப்படித் தண்ணீர் வரும்? அதே கதைதான். சிலருக்குப் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ்தான் இருக்கும். அவர்களுக்கு நடு வயதிலேயே கெட ஆரம்பிக்கும். இன்னும் சிலருக்குச் சின்ன வயதில் தொண்டை வலி வந்து, பிறகு முட்டி முட்டியாக வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கும். ரூமேட்டிக் காய்ச்சல் என்று பெயர். அது மூட்டை விட்டுவிட்டு வால்வைப் பிடித்துக்கொள்ளும். படியேறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சில் இறுக்கம், வேலை செய்யும்போது கண் இருட்டி விழுவது எல்லாம் இந்த வால்வு அடைப்பின் அடையாளம். "ரத்தம் கம்மி, அதான் மயக்கம்" என்று டானிக் குடித்தே காலத்தைக் கடத்துபவர்கள் நம்மில் உண்டு.

இனி ஒயர் விஷயம். இதயம் தானாகத் துடிப்பதற்கு அதற்குள்ளேயே கரண்டு உண்டு. வலப்பக்க மேலறையில் ஒரு சின்ன இடத்தில் அந்தக் கரண்டு பிறக்கிறது. அது கீழே இறங்கி வந்து நடுவில் ஒரு இடத்தில் சேருகிறது. அங்கிருந்து ஒரு நரம்பு போன்ற ஒயர் வழியாகக் கீழறைகளுக்குப் போகிறது. நம்ம ஊர் ஜங்ஷன் மாதிரி. எல்லா வண்டியும் அங்கே வந்துதான் பிரிய வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்று, ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை இந்த வேலை நடக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்த ஒயர் போகும் பாதை, அயோர்டிக் வால்வு உட்கார்ந்திருக்கும் வளையத்துக்குச் சற்றுக் கீழே, சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. வீட்டில் பழைய மர நிலையைப் பெயர்த்துப் புது நிலை வைக்கிறோம். பக்கத்துச் சுவருக்குள் கரண்டு ஒயர் ஓடுகிறது. கொத்தனார் எவ்வளவு கவனமாகத் தட்டினாலும் அந்த ஒயருக்கு அதிர்ச்சி போகும். வால்வு மாற்றும்போதும் கெட்டியான சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும், வளையத்தில் தையல் போட வேண்டும், புது வால்வை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். அந்த இடம் வீங்கும், ரத்தம் கட்டும். அதில் ஒயர் அமுங்கினால் மேலறைக் கரண்டு கீழே போகாது. இதைத்தான் 'ஹார்ட் பிளாக்' என்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம். ரத்தக்குழாய் அடைப்பையும் 'பிளாக்' என்றுதான் சொல்கிறோம், அதற்கு ஸ்டென்ட் வைக்கிறார்கள், பைபாஸ் செய்கிறார்கள். இது வேறு. அங்கே அடைப்பது குழாய், இங்கே அறுபடுவது கரண்டு. டாக்டரிடம் "குழாய் பிளாக்கா, கரண்டு பிளாக்கா?" என்று கேட்டால் அவருக்கே புரியும்.

முழுசாகத் தடைபட்டால் கீழறைகள் சும்மா இருக்காது. தன் போக்கில் நிமிடத்துக்கு 30, 40 என்று துடிக்கும். அந்தத் துடிப்பை நம்ப முடியாது, எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும்.

கட்டிலோரம் இருக்கும் சின்னப் பெட்டி

நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றும்போது, நெஞ்சை மூடுவதற்கு முன்பே இதயத்தின் மேல் மெல்லிய கம்பிகளைப் பொருத்தித் தோல் வழியாக வெளியே எடுத்து வைப்பார்கள். தேவைப்பட்டால் அதை வெளியே ஒரு சின்னப் பெட்டியில் மாட்டுவார்கள். இது தற்காலிக பேஸ்மேக்கர். வீக்கம் வடிந்தால் பலருக்கு இரண்டு மூன்று நாளில் சொந்தக் கரண்டு திரும்பி வந்துவிடும். அப்புறம் கம்பியை உருவிவிடுவார்கள்.

சிலருக்குத் திரும்பாது. ஐந்து நாள், ஒரு வாரம் பார்த்தும் பிளாக் விலகவில்லை என்றால் நிரந்தர பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறார்கள். தற்காலிகக் கம்பியை ரொம்ப நாள் நம்பியிருக்கவும் முடியாது. அசையும், கிருமி ஏறும். ஆக, டாக்டர் ஐந்தாம் நாள் கூப்பிட்டுச் சொல்வது திடீரென்று முளைத்த யோசனை இல்லை. அதுவரை காத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனில், உலகம் முழுக்கப் பார்த்தால், நூறு பேரில் சுமார் மூன்றிலிருந்து எட்டுப் பேருக்கு. தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வைக் கொண்டுபோய் வைக்கும் புது முறையில் இதைவிடக் கூடுதல். அங்கே பழைய வால்வை எடுப்பதில்லை. புதியது அதை நசுக்கிக்கொண்டு உள்ளே விரிகிறது, ஒயரும் சேர்ந்து அமுங்குகிறது. ஆபரேஷனுக்கு முன்பே இ.சி.ஜி.யில் ஒரு பக்க ஒயர் பழுது தெரிந்தவர்கள், சுண்ணாம்பு அதிகமாகப் படிந்தவர்கள், இரண்டாம் முறை வால்வு மாற்றுபவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் டாக்டர் மேல் தப்பே இருக்காதா என்று கேட்பீர்கள். தையல் எங்கே விழுகிறது என்பதும் ஒரு காரணம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் கை தேர்ந்தவர்கள் செய்தாலும் நூறில் சிலருக்கு இது வரும். அதனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: "எங்களுக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட வாய்ப்பு உண்டா சார்? இ.சி.ஜி. என்ன சொல்லுது?" முன்னாலேயே கேட்ட குடும்பம் ஐந்தாம் நாள் பதறுவதில்லை.

கரண்டு போனால் நின்றுவிடுமா?

பேஸ்மேக்கர் என்றதும் நம் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். நம் ஊரில் கரண்டு போகிற போக்குக்கு நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அமெரிக்கா வரை போய்விட்டு வர வேண்டும்.

1957-ல் மினியாபோலிஸ் என்ற ஊரில் லில்லிஹை என்ற இதய அறுவை மருத்துவர் இருந்தார். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்வார். தையல் போடும்போது சில குழந்தைகளுக்கு இதே ஒயர் பழுதாகி ஹார்ட் பிளாக் வரும், பல குழந்தைகள் அதிலேயே இறந்துபோகும். அந்த வருடம் ஜனவரியில் அவர் இதயத் தசையில் ஒரு கம்பியைப் பொருத்தி, வெளியே இருந்து கரண்டு கொடுத்துத் துடிக்க வைத்தார். குழந்தைகள் பிழைத்தன. ஆனால் அந்தப் பெட்டி பெரியது, சுவரில் உள்ள பிளக்கில் மாட்ட வேண்டும். அக்டோபர் 31-ம் தேதி ஊரில் கரண்டு போனது. அன்று ஒரு குழந்தை இறந்ததாகச் சொல்கிறார்கள்.

லில்லிஹை, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்க வரும் ஏர்ல் பேக்கன் என்பவரைக் கூப்பிட்டுக் கேட்டார். பேக்கன் ஒரு கார் ஷெட்டில் கடை வைத்திருந்தவர். பாட்டுக்காரர்களுக்குத் தாளம் தட்டிக்கொடுக்கும் கருவியின் சர்க்யூட் ஒன்றை ஒரு பத்திரிகையில் பார்த்த ஞாபகம் அவருக்கு வந்தது. அதை வைத்துச் சில வாரத்தில் கையடக்கமாக, பேட்டரியில் ஓடும் பெட்டி செய்து கொடுத்துவிட்டார். இன்று கட்டிலோரம் தொங்கும் தற்காலிகப் பெட்டிக்கு அதுதான் முன்னோடி. ஆக, இந்தக் கருவி வளர்ந்ததே ஆபரேஷனுக்குப் பிறகு வரும் இந்தப் பிளாக்கால்தான்.

உடம்புக்குள்ளேயே வைப்பது அடுத்த வருடம் ஸ்வீடனில் நடந்தது. ஆர்னே லார்சன் என்பவருக்கு நோய்க்கிருமியால் ஒயர் கெட்டு, ஒரு நாளில் இருபது முப்பது தடவை மயங்கி விழுவார். அவர் மனைவி எல்சே மேரி, சென்னிங் என்ற அறுவை மருத்துவரையும் எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளரையும் விடவே இல்லை. அப்படி ஒரு கருவி முடிந்த நிலையில் இல்லை என்று சொன்னாலும், செய்து கொடுங்கள் என்று விடாமல் நின்றார். 1958 அக்டோபர் 8-ம் தேதி வைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. பிறகு மாற்றி மாற்றி இருபதுக்கு மேல் கருவிகள் வைத்தார்கள். லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவி செய்தவரும் வைத்தவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

ஆகவே நம் கேள்விக்குப் பதில்: கரண்டு போனால் நிற்காது. பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பொதுவாக ஏழு வருடத்துக்கு மேல், பத்துப் பன்னிரண்டு வருடம் வரைகூட ஓடும். தீரப்போவதைச் செக்கப்பில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது பெட்டியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும்.

வைப்பதும் பெரிய ஆபரேஷன் இல்லை. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாக வெட்டி, ரத்தக்குழாய் வழியே ஒன்றோ இரண்டோ ஒயரை இதயத்துக்குள் இறக்கி, தீப்பெட்டி போலச் சின்னதாக இருக்கும் கருவியைத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் இடப்பக்கம். சுமார் ஒரு மணி நேர வேலை. சிலருக்குச் சில மாதத்தில் சொந்தக் கரண்டே திரும்பிவிடுவதும் உண்டு. கருவி அதை உணர்ந்து, தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும்.

வால்வைப் பற்றியும் ஒரு வார்த்தை

நம் பக்கத்து ஆட்கள் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்குப் போவது பழக்கம்தான். நம் நாட்டிலேயே செய்த வால்வு அங்கேதான் உருவானது. டாக்டர் வலியத்தான் தலைமையில் பல வருடம் பாடுபட்டு, செய்த மாதிரிகள் தோற்றுத் தோற்று, கடைசியில் 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்கு வைத்தார்கள். சித்திரா வால்வு என்று பெயர். வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு என்பதால் ஏழைகளுக்குப் பெரிய உதவி.

உலோகத்தால் செய்த வால்வு வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு, அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் உண்டு. இன்னும் பிள்ளை பெற வேண்டிய வயதுப் பெண்கள், எந்த வால்வு என்று முடிவு செய்யும் முன்பே அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடும். மாமியாரோ புருஷனோ சொல்லட்டும் என்று இருக்க வேண்டாம். பேஸ்மேக்கர் வைக்கும்போதும் இந்த மாத்திரை சாப்பிடுவதை ஞாபகப்படுத்துங்கள். காயத்தில் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்வார்கள். மூட்டு வலி, பல் வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது இவர்களுக்கு ஆகவே ஆகாது.

பணத்துக்கு என்ன செய்ய?

குழுவில் உள்கடன் வாங்கியோ கந்துவட்டிக்கோ ஓடும் முன் காப்பீட்டு அட்டையைத் தேடுங்கள். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, வருடத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. வால்வு மாற்றுவதும் பேஸ்மேக்கரும் இதில் வருகின்றன. ஆனால் வால்வுக்கு வாங்கிய அனுமதியிலேயே பேஸ்மேக்கரும் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்ன அன்றே ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுண்டரில் போய், "பேஸ்மேக்கருக்குத் தனியா அனுமதி கேட்டாச்சா? எவ்வளவு மிச்சம் இருக்கு? நாங்க கையிலிருந்து கட்ட வேண்டியது உண்டா?" என்று மூன்றையும் கேளுங்கள்.

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டதால், அந்தப் பக்கத்து உறுப்பினர்களுக்கு அவர்கள் கலெக்டர் ஆபீஸ்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் ஆறு வாரம், கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒயர் நகர்ந்துவிடும். கொடியில் துணி காயப்போடுவது, பரணில் இருந்து பாத்திரம் எடுப்பதெல்லாம் மற்றவர்கள் செய்யட்டும். அதற்காகக் கையை ஒரேயடியாகக் கட்டிப்போட்டால் தோள் இறுகிவிடும். இடுப்பளவில் சாதாரணமாக அசைக்கலாம். நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவது, ஆற்றங்கரைக் கல்லில் துணி அடித்துத் துவைப்பது, நடவு, களை எதுவும் வேண்டாம். பீடி சுற்றுவது, பாய் முடைவது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தையல் ஆறும் வரை ஆற்றுக் குளியலும் கூடாது. ஆறிய பிறகு தாமிரபரணியில் தாராளமாக முங்கலாம்.

மிக்ஸி, கிரைண்டர், டிவி, ஃபேன் எதற்கும் பயம் வேண்டாம். கரண்டு அடுப்பு, அதான் இண்டக்ஷன் ஸ்டவ், இருந்தால் இரண்டு அடி தள்ளி நின்று சமைக்கவும். செல்போனை ஜாக்கெட்டுக்குள் சொருகும் பழக்கத்தை விட வேண்டும். கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசலாம். வெல்டிங் பட்டறைப் பக்கம் நிற்க வேண்டாம். கோயில் கொடையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்து உட்காரக் கூடாது, உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது. ஷாக் அடிக்கும் மோட்டார், எர்த் இல்லாத கிரைண்டர் யாருக்குமே ஆபத்து, இவர்களுக்கு இன்னும் ஆபத்து. தொட்டால் மற்றவர்களுக்கு ஷாக் அடிக்கும் என்பது வெறும் புரளி. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். எந்தக் கருவி, எந்த நாள் வைத்தது என்று அதில் இருக்கும். அதைப் பர்ஸிலேயே வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், குறிப்பாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், முதலில் அதைக் காட்ட வேண்டும். இப்போது வரும் பல கருவிகளுக்கு அந்த ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் அதற்கென்று கருவியை மாற்றி அமைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். பல் பிடுங்கும் முன்பும் வால்வு மாற்றியதைச் சொல்லுங்கள், மருந்து கொடுத்துவிட்டுத்தான் பிடுங்குவார்கள்.

தலை சுற்றல், கண் இருட்டல், மயக்கம், கருவி வைத்த இடத்தில் சிவப்பு, வீக்கம், சீழ், விடாத காய்ச்சல், ஓயாத விக்கல் இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். மயங்கி விழுந்தால் உடனே 108. பேஸ்மேக்கர் தேவையில்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்கு வந்து சில நாள், சில வாரம் கழித்தும் அரிதாகப் பிளாக் வரும்.

சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. கருவி வைத்தவர் எக்காலத்தில் இறந்தாலும், எரிக்கும் வழக்கம் உள்ள குடும்பம் என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லிக் கருவியை எடுத்துவிட வேண்டும். நெருப்பில் அந்த பேட்டரி வெடிக்கும். புதைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்து வாருங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று ஊக்குநரும் பிரதிநிதிகளும் பார்த்து, குறை உள்ளவர்கள் பட்டியலைக் கூட்டமைப்புக்குக் கொடுக்கவும்.